பொட்டு வைத்த கப்பல்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் சாய்ந்து இடம் விட்டால் போதும். ஒரு சாமானை வெளியே எறிய வேண்டும். பயப்படாதீர்கள், குப்பை இல்லை. குப்பைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற குப்பை இல்லை.

இதோ, பாருங்கள். கையில் வாங்காதீர்கள், ஒட்டும். சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் நல்லெண்ணெய்ப் பிசுக்கு, மறுபடி சந்தனம். பின்பக்கத்து ஊக்குச் சந்தில் கரப்பான் முட்டைகூட ஒன்று இருக்கிறது. இதற்கு ஒரு வீட்டில் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். படிக்காத வீடு இல்லை. என் மனைவி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

நடுவில் கப்பல் தெரிகிறதா? அலையைக் கிழித்துக்கொண்டு நம் மேலேயே வருகிற மாதிரி. சுற்றிலும் இலை வளையம். மேலே இறக்கை விரித்த பறவை. அதன் காலடியில் என்ன இருக்கிறது பாருங்கள். இந்தக் குங்குமத்தை நகத்தால் விலக்கினால் தெரியும். தெரிகிறதா? இப்போது புரிகிறதா இதை ஏன் எறியப் போகிறேன் என்று? ஹிட்லருடைய கடற்படை சார். அவன் மாலுமிகள் சட்டையில் குத்திக்கொண்ட பதக்கம். என் மாமனார் வீட்டுப் பூஜை அறையில் திருத்தணி முருகனுக்கும் அலர்மேல்மங்கைத் தாயாருக்கும் நடுவில் இருந்தது.

நான் ரொம்ப வருஷம் ஜெர்மனியில் இருந்தவன். கீல் என்று ஒரு துறைமுக ஊர். கப்பல் என்ஜினுக்குள் குழாய்கள் போகிற பாதையை வரைவது என் வேலை. கம்பெனி ஆட்களைக் குறைத்தது, திரும்பிவிட்டேன். துரத்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கேக் வெட்டி, கை குலுக்கி, கௌரவமாகத்தான் அனுப்பினார்கள். வந்ததிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறோம். வாடகை வேண்டாம் என்றுவிட்டார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை கொடுக்கிறவன் குடித்தனக்காரன். கொடுக்காத மாப்பிள்ளைக்கு அந்தத் தெருவில் என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும்.

மாமனார் பெயர் கன்னியப்பன். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் லேத் ஓட்டினவர். எண்பதைத் தாண்டிவிட்டார். பேச்சு கிடையாது. நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை, சாப்டீங்களா மாப்பிள்ளை. எங்கள் இருபது வருஷத்து உறவு இந்த இரண்டு கேள்விக்குள் முடிந்துவிடும்.

அந்த வீட்டின் குணம் தெரிய ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிது. என்னிடம் போனில், அங்கேயிருந்து ஜெர்மன் சாமான் ஏதாவது அனுப்புங்க, இரும்போ பித்தளையோ, சின்னதா இருந்தாப் போதும் என்று கேட்டார். லேத்காரர் இல்லையா, உலோகம் என்றால் உயிர். நானும் மெனக்கெட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு கிழவரின் தட்டில் பொத்தான், சாவி, பெல்ட் கொக்கி, என்னென்னவோ குவிந்து கிடந்தது. அப்படியே வாரி, நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, சென்னைக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு நன்றி? வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை? அடுத்த தடவை போனிலும் சாப்டீங்களா மாப்பிள்ளைதான். நான் அதை மறக்கவே இல்லை. மரியாதை தெரியாத வீடு என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

லீவில் வந்தால் திண்டிவனத்தில் அக்கா வீட்டில்தான் தங்குவேன். மாமனார் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். பூஜை அறைப் பக்கம் நான் எட்டிப் பார்ப்பவன் இல்லை. அதனால் இந்தக் கண்ராவி என் கண்ணில் பட்டது திரும்பி வந்த பிறகுதான். ஆயுத பூஜை அன்றைக்கு. ஸ்பேனர், சுத்தியல், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார் மாமனார். நடுநாயகமாக இது.

என்ன இது என்று மச்சானைக் கேட்டேன். மனைவியின் தம்பி, தாமோதரன். இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறான். பேட்டரியில் இருப்பதைவிட வாயில் சார்ஜ் அதிகம். "இதான் மாமா எம்டன்" என்றான்.

எம்டன் உங்களுக்குத் தெரியும். முதல் உலக யுத்தத்தில் மெட்ராஸ்மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்து, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அடாவடிக்காரனை இன்றைக்கும் எம்டன் என்றுதானே சொல்கிறோம். மாமனாரின் தாத்தா ஆறுமுகம் துறைமுகத்தில் கரி சுமந்தவர். ஊர் ஓடியபோது அவர் ஓடவில்லையாம். அதனால் அந்தத் தெருவில் அது எம்டன் வீடு. இதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் ஓடாத தாத்தா ஒருவர் இருப்பார்.

ஆனால் பதக்கம் எப்படி வந்தது? எம்டன் கரைக்கே வரவில்லையே என்றேன். அலையில் ஒதுங்கியது, தாத்தா எடுத்தார் என்றான் தாமோதரன். உலோகம் மிதக்குமா என்றேன். "ஜெர்மன் உலோகம் மாமா" என்றான். பறவை என்ன பறவை என்றேன். கருடாழ்வாராம். காலில் இருப்பது சுவஸ்திக், மங்கலச் சின்னமாம். கோணலாக இருக்கிறதே என்றால், "கருடன் பறக்குதில்ல? சாயாம என்ன பண்ணும்?" என்கிறான். சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை சார். எத்தனை லட்சம் பேரை அடைத்து வைத்துக் கொன்ற சின்னம். அந்த ஊரில் இதைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தால் போலீஸ் வரும். இங்கே அதற்குக் கற்பூரம் காட்டி, அதே தட்டை என்னிடம் நீட்டினார்கள். நான் தொட்டுக்கொள்ளவில்லை. மாமனார் தட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நகர்ந்துவிட்டார்.

போன மாதம் தெரு நலச் சங்கத்தில் எம்டன் நாள் என்று ஒரு சின்னக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். பழைய படங்கள், செய்தித்தாள் நகல்கள், நாலு பேர் பேச்சு, ரோஸ் மில்க். கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாமனார் வீட்டுப் பதக்கம்தான் பெரிய சரக்கு. கீழே வைக்கிற அட்டையையும் தாமோதரன் அச்சடித்துவிட்டான். எம்டன் போர்க்கப்பலின் பதக்கம், ஆறுமுகம் அவர்களால் கண்டெடுக்கப்பட்டது, அன்பளிப்பு கன்னியப்பன் குடும்பத்தார். கிழவருக்குப் புதுச் சட்டைகூடத் தைத்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஒரு தடவை கத்தி வைத்த பிறகு அவர் வாசலைத் தாண்டினதே இல்லை. இதற்குப் போகிறேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவரே மாடி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. என் முன்னால் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அது என்ன கப்பல்னு நீங்க பாத்துச் சொல்லணும் மாப்பிள்ளை. எங்கேந்து வந்துதுன்னும் கூட்டத்துல நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. நான் என்ன நினைத்தேன்? ஜெர்மன் படித்த மாப்பிள்ளை, ஒரு பொய்க்கு முத்திரை குத்தக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? பார்க்கிறேன் என்றேன். சிரித்தார் சார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இறங்கிப் போனார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. இதில் மூன்றாவதற்கு இடமே இல்லை. எம்டனின் முகப்பு பழைய காலத்து முகப்பு, இது வேறு. அதெல்லாம்கூட வேண்டாம். அந்தச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை நிற்கிறதென்றால் முதல் யுத்தமாக இருக்கவே முடியாது, அது குழந்தைக்குத் தெரியும். எனக்கு வேண்டியது கப்பலின் பெயர். படம் எடுத்து, கீலில் என்னோடு வேலை பார்த்த ஹோல்கருக்கு அனுப்பினேன். அவனுக்குப் போர்க்கப்பல் என்றால் பைத்தியம். மறுநாளே பதில். டெஸ்ட்ராயர் என்கிற நாசகாரிக் கப்பல்காரர்களுக்காக 1940இல் செய்த பதக்கம் அது. அதில் உள்ள கப்பல் வில்ஹெல்ம் ஹைட்காம்ப். அந்த ஏப்ரலில் நார்வேயில் நார்விக் என்ற இடத்துச் சண்டையில் மூழ்கியது. கடைசியில் ஒரு வரி: இது உன்னிடம் எப்படி வந்தது, தயவு செய்து சுவரில் மாட்டிவிடாதே.

சுவரில் மாட்டாதே என்கிறான். நான் எப்படிச் சொல்வேன், தினமும் பால் நைவேத்தியம் நடக்கிறது என்று?

மனைவி சுகந்தியிடம் சொன்னேன். கூட்டத்துல வேணாங்க, அப்பாகிட்ட மட்டும் தனியா சொல்லுங்க, அவரே எடுத்துடுவாரு, வயசானவர், மனசு ஒடைஞ்சிடும் என்றாள். எனக்கு அதுதான் எரிச்சல். மனசு, மனசு. உண்மைக்கு என்ன மரியாதை?

கீலில் நான் முதலில் குடியிருந்த வீட்டு அம்மாவுக்கும் வயசு எண்பதுதான். கூடத்தில் அவர் புருஷன் படம் இருந்தது, கடற்படைக் கோட்டில். நெஞ்சில் இப்படி ஏதோ ஒன்று குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார வைத்து எனக்கு பிளம் கேக் தருவார். நன்றாக இருக்கும். நான் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. வயசான பொம்பளை, மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன். அது வேறு சார். அங்கே நாம் விருந்தாளி. அதையும் இதையும் சேர்க்கக் கூடாது.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாமனார் முதல் வரிசையில், புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. பெட்டிக்குள் நீல வெல்வெட் துணி, அதன்மேல் இது. பொட்டோடுதான். சங்கச் செயலாளர் லாசர், அடுத்து நம்ம எம்டன் வீட்டு மாப்பிள்ளை, ஜெர்மனியில் இருந்தவர், கப்பலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்வார் என்று மைக்கைக் கொடுத்தார்.

சொன்னேன். ரெண்டு வார்த்தை இல்லை, எல்லாம் சொன்னேன். கப்பலின் பெயர், அது மூழ்கிய இடம், பதக்கத்தின் வருஷம், அந்தச் சின்னம் என்ன செய்தது, அந்த முகாம்களில் என்ன நடந்தது. தமிழில் சொல்லி, ஒரு பகுதியை ஜெர்மனிலும் சொன்னேன், சந்தேகம் வரக் கூடாதே. நீங்கள் கருடன் என்று கும்பிட்டது கொலைகாரனின் கழுகு என்றேன். மாமனாரின் தாத்தா செத்தது முப்பத்தொன்பதில், இந்தப் பதக்கம் பிறந்ததே நாற்பதில், செத்தவர் எப்படிக் கடற்கரைக்குப் போய் இதை எடுத்தார் என்றும் கேட்டேன். நன்றாகவே பேசினேன். என்னை அந்தத் தெரு அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.

பின் வரிசையில் யாரோ, "அப்போ இத்தினி வருசமா கன்னியப்பண்ணன் ஹிட்லருக்கா சூடம் காட்டினாரு?" என்றான். மண்டபமே சிரித்தது. தாமோதரன் எழுந்து வெளியே போய்விட்டான். லாசர் சங்கடப்பட்டு, அப்போ இந்தச் சாமான் வீட்டுக்கு எப்படித்தான் வந்துதுண்ணே என்று மாமனாரையே கேட்டார்.

அவர் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது, அவ்வளவு அமைதியாகிவிட்டது.

"தாத்தா எடுத்ததுன்னு சொன்னது எம் புள்ளை. எனக்கு அது பிடிக்கல, நான் தடுக்கவும் இல்ல. இது மாப்பிள்ளை அனுப்பினது. கல்யாணமான வருசம். பிஸ்கட் டப்பாவுல பொத்தானோட பொத்தானா வந்துது. நம்ம வீட்டுக் கதைய ஞாபகம் வெச்சு, அவ்ளோ தூரத்துல தேடிப் புடிச்சு அந்தக் கப்பலையே அனுப்பியிருக்காரேன்னு நெனைச்சேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அந்தச் சின்னத்து மேல வட்டமா ஒரு காகிதம் ஒட்டியிருந்துது. நல்ல சின்னத்த திருஷ்டி படாம மூடி அனுப்பியிருக்காருன்னு நெனைச்சேன். நாந்தான் சுரண்டி எடுத்தேன். இன்னிக்கு அவரே சொல்லுவாரு, நான் அனுப்பினதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு வந்தேன்."

அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பார்த்தீர்களா சார்? பழியை எப்படித் திருப்பினார் என்று பார்த்தீர்களா? ஊர் முன்னால், நான் ஏதோ நாஜிச் சாமானைக் கடத்தின மாதிரி. அந்த ஊர்ச் சந்தையில் இந்தச் சின்னத்தை அப்படியே காட்டி விற்கக் கூடாது, அதனால் மேலே காகிதம் ஒட்டி விற்பார்கள். வாரி வாங்கினதில் ஒன்று அப்படி இருந்திருக்கலாம். நான் பார்க்கவே இல்லையே! பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் அல்லவா நான் பொறுப்பு? நான் அந்தக் குவியலைப் பார்க்கக்கூட இல்லை சார். கையை விட்டு அள்ளினேன், டப்பாவில் போட்டேன், முடிந்தது. அதை இவர் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தால் நான் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் சுகந்தி அடுப்படியில் நிற்கிறாள், திரும்பவே இல்லை.

"இருபது வருஷமா தினம் உங்க பேரைச் சொல்லித்தாங்க அதுக்குப் பொட்டு வெச்சாரு" என்றாள். "வெளிநாட்டுல இருக்கற பிள்ளை நல்லா இருக்கணும்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வைத்தாரே, என்னிடம் ஒரு தடவையாவது சொன்னாரா என்றேன். நியாயமான கேள்விதானே? சொல்லத் தெரியாத மனிதரை எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வீட்டில் யாருமே பதில் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவர்கள் வியாதி.

மறுநாள் காலையில் மாடிக் கதவுக்கு வெளியே, காபி வைக்கிற ஸ்டூலில், டம்ளருக்குப் பக்கத்தில் இது இருந்தது. சங்கத்திலிருந்து திரும்ப வாங்கியிருக்கிறார். மாமனார் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். "ஒங்க சாமான் சார். ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். சார் என்கிறார். இருபது வருஷம் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கழுத்தை அறுத்தவர். எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது, இனி அந்தச் சாப்டீங்களா இருக்காது என்று. உண்மையிலேயே இல்லை. அதற்கப்புறம் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்கும் வருவதில்லை. சாப்பாடு பாதிக்குப் பாதி திரும்பி வருகிறது என்று சுகந்தி சொல்கிறாள், என்னைப் பார்க்காமல் சொல்கிறாள்.

இதில் அருவருப்பு எது தெரியுமா? அன்றைக்குக் காலையிலும் பொட்டு வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். அவ்வளவு சொன்ன பிறகும். கொலைகாரன் சின்னம் என்று மைக்கில் சொன்ன பிறகும். குங்குமம் ஈரமாக இருந்தது சார், என் விரலில் ஒட்டியது. என்ன ஜென்மங்கள் இவர்கள்? யாருக்கு வைத்தார் அதை? ஹிட்லருக்கா? இனி யாருக்கு என்று வைத்தார்?

அக்கா வீட்டுக்குத்தான் போகிறேன். கொஞ்ச நாள் அங்கே இருக்கலாம் என்று. சுகந்தி வரவில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். பையில் துணியெல்லாம் எடுத்து வைத்தது அவள்தான். இதையும் அவள்தான் காகிதத்தில் சுற்றி மேலாக வைத்திருக்கிறாள். மறந்துட்டுப் போயிடாதீங்க என்று சொன்னாள். அதிலும் ஒரு குத்தல்.

பரனூர் தாண்டிவிட்டது இல்லையா? அப்படியென்றால் வந்துவிடும். கொஞ்சம் சாயுங்கள். நன்றி. பாலம் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைத் தள்ளுங்கள், இன்னும் கொஞ்சம். போதும்.

எங்கே சார் தண்ணீர்? ஒரு சொட்டு இல்லையே. மணல்தான் தெரிகிறது. லாரித் தடம். அதோ ஆடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆற்றை வழியாக்கி நடந்து போகிறார்கள்.

இல்லை, எறியத்தான் கையை நீட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். பொட்டு வைத்த சாமான் சார். கால் படும்.

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. கிடையவே கிடையாது. இருந்தாலும் ஜனங்கள் நடக்கிற இடம். அந்த மனிதர் யாரையோ நினைத்துக்கொண்டு வைத்தது. மிதிபடக் கூடாது இல்லையா?

பாலம் போய்விட்டது, கண்ணாடியை மூடிவிடுங்கள். காற்று முகத்தில் அடிக்கிறது, கண் கலங்குகிறது. அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், சுற்றி வைக்கிறேன். மதுராந்தகம் ஏரி ரோட்டோரமாகத்தானே வரும்? அதில் தண்ணீர் இருக்குமா சார்?